கையுறை போடாத கை

தாக் சூரினுக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் ஜாஸ்தி என்று அவளைப் பிடிக்காதவர்கள் சொல்வார்கள். பிடித்தவர்களும் அதையேதான் சொல்வார்கள். ஓசோங் என்ற ஊரில் அழகுசாதனக் கம்பெனிகள் வரிசையாக நிற்கிற அந்தச் சாலையில், தோலின் கறுப்பைக் குறைக்க மருந்து கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பாத ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுகூட இல்லை. ஒருவர் முசுக்கொட்டை வேரைக் காய்ச்சுவார், இன்னொருவர் அரிசியைப் புளிக்க வைப்பார், மூன்றாமவர் கடல்பாசியை அரைத்து வைத்துவிட்டு ஆண்டவனை வேண்டிக்கொள்வார். சூரின் இவர்களைப் பார்த்து வாய்விட்டே சிரிப்பாள். அவள் வழி வேறு. தோலுக்குள் கறுப்பைத் தயாரிக்கிற செல்களில் ஓர் என்சைம் இருக்கிறது. அதன் வாயை அடைத்துவிட்டால் மெலனின் உண்டாகாது. அந்த வாய்க்குப் பொருந்துகிற மாதிரி ஒரு மூலக்கூறை நாமே கட்டிவிட வேண்டியதுதான், அவ்வளவுதான் என்றாள். அவ்வளவுதான் என்று அவள் சொன்ன வேலை ஏழு வருஷத்தைத் தின்றது.

நாற்பது மூலக்கூறுகள் தோற்றன. சில அரித்தன, சில நாறின, சில குழாயில் நன்றாக வேலை செய்துவிட்டுத் தோலில் சோம்பேறியாகப் படுத்துக்கொண்டன. நாற்பத்தொன்றாவது பொருந்தியது. மருந்து போடாத செல்களைச் சுழற்றி எடுத்தால் குழாயின் அடியில் கரி மாதிரி ஒரு பொட்டு நிற்கும். நாற்பத்தொன்றைப் போட்ட குழாயில் நின்ற பொட்டு தயிர் நிறத்தில் இருந்தது. உதவி ஆராய்ச்சியாளர் ஹாசோல் அதைப் பார்த்து அழுதே விட்டாள். சூரின் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நான்தான் சொன்னேனே" என்றாள்.

விளம்பரப் பிரிவிலிருந்து ஆட்கள் வந்து, "மேடம், வெளுப்புன்னு சொல்லாதீங்க. இப்பல்லாம் அந்த வார்த்தை ஆகாது. பிரகாசம்னு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள்.

"நான் செய்யறது வெளுப்புதான். நீங்க விக்கிறப்போ பிரகாசமோ பரவசமோ, என்ன வேணா வச்சுக்குங்க" என்றாள்.

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் களிம்பு செய்தாலும் செய்தவர் கையில்தான் முதலில் தடவ வேண்டும். முழங்கைக்கு உட்புறம் சதுரம் சதுரமாகப் பட்டை ஒட்டிக்கொண்டுதான் எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார்கள். கைகள் எல்லாம் முள்ளங்கி மாதிரி இருக்கும். வெளுப்பு மருந்து செய்கிறவர்கள் வெயிலில் நின்று கறுத்தால் தொழிலுக்கே அவமானம் என்று நினைப்பு. ஆண்கள்கூடக் குடை பிடித்துக்கொண்டுதான் கார் நிறுத்தும் இடத்துக்குப் போவார்கள். பெரிய சோதனைக்குக் கூப்பிட்ட பெண்களும் அப்படித்தான். தோல் வெளுப்பாகவும் ஒரே சீராகவும் இருந்தால்தான் கருவியில் அளவு சுத்தமாகத் தெரியும் என்று அறிவிப்பிலேயே போட்டு, வெயில் பட்டுக் கறுத்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். நாற்பத்தொன்று எல்லாச் சோதனையிலும் தேறியது. அடுத்த வசந்தத்தில் கடைக்கு வரும் என்று முடிவாயிற்று. டைரக்டர் கூ, ஐம்பத்தைந்து வயதிலும் உரித்த முட்டை மாதிரி முகம் வைத்திருப்பவர், சூரினின் படத்தையே விளம்பரத்தில் போடலாம் என்றார். சூரின் மறுக்கவில்லை.

அந்தக் கோடையின் தொடக்கத்தில்தான் அக்கா ஓக்ஜூ வந்து நின்றாள்.

ஓக்ஜூ சோங்ஜுவில் ஒரு திறந்தவெளி மைதானத்தில் கோல்ப் சொல்லிக்கொடுப்பவள். ஒரு காலத்தில் பந்தயத்தில் ஆடிப் பேர் வாங்க வேண்டியவள். அம்மா போய்ச் சேர்ந்த வருஷம் தங்கை கல்லூரியில் நுழைந்தாள். அந்த வருஷமே ஓக்ஜூ பந்தயத்தை விட்டுவிட்டு வாத்தியார் ஆனாள். மழை பெய்தால் வகுப்பு கிடையாது, வெயிலடித்தால் உண்டு. சூரின் டாக்டர் பட்டம் வரைக்கும் படித்தது அந்த வெயிலில்தான். கோல்ப் ஆடுகிறவர்கள் பிடி நழுவாமல் இருக்க இடது கைக்கு மட்டும் கையுறை போடுவார்கள். இருபது வருஷம் அப்படி நின்றதில் ஓக்ஜூவின் இடது கை பால் மாதிரி ஆகிவிட்டது. வலது கை கறுத்துக் காய்ந்து கிடந்தது.

"இங்க பாருடி" என்று இரண்டு கையையும் சூரினின் மேஜைமேல் வைத்தாள். "இந்தக் கை உங்க டைரக்டரோடது. இந்தக் கை வலை இழுக்கிறவனோடது. ரெண்டும் ஒரே உடம்புல எப்படி வந்துச்சுன்னு போட்டோக்காரன் கேக்க மாட்டானா?"

நாற்பத்தொரு வயதில் ஓக்ஜூவுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. மாப்பிள்ளை ஜோங்ஹோ அதே ஊரில் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவன், அவளிடம் கோல்ப் கற்றுக்கொள்ள வந்து இன்றுவரை ஒரு பந்தைக்கூட நேராக அடிக்காதவன்.

"கைதானேக்கா. யாரு பாக்கப்போறா?"

"யாரு பாக்கப்போறாவா? மோதிரம் மாத்தறப்போ கையைத்தான் பக்கத்துல போய் எடுக்கறான். எடுத்துப் பெரிய திரையில வேற போடறான். சாப்பிட வந்தவன்லாம் கிம்சி ஊறுகாயைக் கடிச்சுக்கிட்டே என் கையைப் பாப்பான். ஏழு வருஷமா கறுப்பை ஒழிக்கிறேன் கறுப்பை ஒழிக்கிறேன்னு சொல்ற. ஒரு கையை ஒழிச்சுக் குடு, போதும்."

கடைக்கு வராத சரக்கு கூடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று விதி. சுவரில் ஒட்டியும் இருக்கிறது. ஆனால் ஓசோங்கில் களிம்பு செய்கிற எவர் வீட்டுக் குளியலறையிலும் பேர் ஒட்டாத டப்பா ஒன்றாவது இருக்கும். அத்தைக்கு, நாத்தனாருக்கு, நாத்தனாரின் தோழிக்கு என்று அது போய்க்கொண்டே இருக்கும். சூரின் இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்தாள்.

"ராத்திரி மட்டும். வலது கைக்கு மட்டும். புரிஞ்சுதா?"

"உத்தரவு, டாக்டரம்மா."

ஆடி மாதத்து வெயில் உச்சத்துக்கு ஏறியபோது ஓக்ஜூ படம் படமாக அனுப்பினாள். கறுப்பு விலகி வந்தது. 'மாப்பிள்ளை இன்னிக்குத் தெரியாம வலது கையைப் பிடிச்சிட்டு இடதுன்னு நெனச்சிட்டாரு' என்று எழுதினாள். சூரின் அந்தப் படத்தை ஹாசோலிடமும் காட்டினாள், டைரக்டரிடமும் காட்டினாள். வெள்ளை டப்பா இன்னொன்றும் அனுப்பினாள். பிறகு படங்கள் வருவது நின்றது. மைதானத்தில் வேலை அதிகம் என்று பதில் வந்தது. சூரினுக்கும் இங்கே தலைக்குமேல் வேலை. தொழிற்சாலையில் முதல் சரக்கு கலக்க ஆரம்பித்திருந்தார்கள்.

இலையுதிர் காலத்தில் இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடும் சம்பந்தி விருந்து வந்தது. மணமகள் பக்கத்தில் சூரின் ஒருத்திதான். மாப்பிள்ளை பக்கத்தில் ஜோங்ஹோவும் அவன் அம்மாவும். அந்த அம்மாள் முப்பது வருஷம் நூடுல்ஸ் கடை நடத்தி, மகன் தலையில் கட்டிவிட்டு, இன்னும் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள். பார்வையாலேயே பாத்திரம் கழுவிவிடுவாள்.

தட்டுகள் மேஜை கொள்ளாமல் வந்தன. ஓக்ஜூ நீளக் கை வைத்த சட்டை போட்டு, வலது கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள். சூரின் அதைப் பார்த்தாள். ஜோங்ஹோவின் அம்மாவும் பார்த்தாள்.

"மருமகளே, கையில அடியா?"

"லேசா சுளுக்கு, அத்தே. நேத்து ஒரு பொண்ணுக்கு மட்டை வீசக் காட்டறப்போ…"

"அக்கா எனக்குச் சொல்லவே இல்லையே" என்றாள் சூரின்.

"உனக்கு எல்லாத்தையும் சொல்லணுமா? சாப்பிடு."

பனிக்கட்டியில் வைத்த அரிசி மது வந்தது. ஜோங்ஹோவின் அம்மா கிண்ணத்தை இரண்டு விரலால் பிடித்து ஓக்ஜூவின் பக்கம் நீட்டினாள். அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். புதுசாக வரும் மருமகள் முதல் கிண்ணம் ஊற்ற வேண்டும். வலது கையால் பாட்டிலைப் பிடித்து, இடது கையால் தாங்கி, தலையைக் கொஞ்சம் குனிந்து. இடது கையால் ஊற்றினால் அதைவிட ஊற்றாமலே இருக்கலாம். சுளுக்கென்று சொன்னாலும் எழுந்து ஊற்றிவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

ஓக்ஜூ கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்தாள். பிறகு வலது கையை வெளியே எடுத்தாள். கை மணிக்கட்டுவரை ஒப்பனை மாவு பூசியிருந்தது. பாட்டில் ஈரம். ஊற்றி முடித்து அவள் கையை இழுத்தபோது, புறங்கையில் பூசியது பாதி பாட்டிலோடு போய்விட்டது. அடியில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. சில அரிசி அளவு, கட்டைவிரலுக்குக் கீழே ஒன்று நாணயம் அளவு. வெளுப்பு இல்லை அது. நிறமே இல்லாத வெள்ளை.

ஜோங்ஹோவின் அம்மா கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் கீழே வைத்தாள்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல அத்தே, மட்டையோட பிடியில ஏதோ ரப்பர் ஒத்துக்கல…"

"இது ரப்பர் இல்ல. இது வெண்படை. எங்க ஊர்ல ஒருத்தருக்கு இருந்துச்சு, மூஞ்சி பூரா போச்சு." மகனைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

ஜோங்ஹோ தலையை ஆட்டினான். தெரியும் என்று அர்த்தமா தெரியாது என்று அர்த்தமா என்று அவனுக்கே தெரியவில்லை.

"நான் கெட்டவ இல்ல" என்றாள் அம்மாள், யாரையும் பார்க்காமல். "ஆனா கடைன்னு ஒண்ணு இருக்கு. நாளைக்கு இந்தக் கைதான் கிண்ணத்தை நீட்டப்போகுது. சாப்பிட வர்றவங்க கையைப் பாத்துட்டுத்தான் கிண்ணத்தைப் பாப்பாங்க. மறைச்சு வச்சுக் கூட்டிட்டு வந்தீங்கன்னா என்ன நியாயம்?"

சூரினுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. அவள் எழுந்து, மேஜையைச் சுற்றிவந்து, அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்து வெளிச்சத்தில் விரித்தாள். ஈரத்துணியால் மிச்ச மாவையும் துடைத்தாள். வலது கையில் புள்ளிகள். இடது கை சுத்தமாக, பால் மாதிரி.

"இடது கையில களிம்பு போட்டியா?"

"இப்பவா இதைக் கேக்கற?"

"போட்டியா இல்லையா?"

"போட்டேன்டி. வலது கையில தடவினா விரல்ல ஒட்டியிருக்குமே, அதை வீணாக்குவேனா? அங்கேயும் தேய்ப்பேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

ஒரே ஆள், ஒரே களிம்பு, ஒரே ராத்திரி. கையுறை போட்ட கைக்கு ஒன்றும் ஆகவில்லை. சூரினின் மூளை மற்றவர்களுக்கு முன்னால் ஓடியது. வெயில் படாத தோலில் அந்த என்சைம் அரைத் தூக்கத்தில் இருக்கும். நாற்பத்தொன்று போய் வாயை அடைத்தால் அடைபட்டுக் கிடக்கும். வெயிலில் வேகிற தோலில் அது விழித்துப் பசியோடு இருக்கும். வாயில் திணித்த துணியையே கடித்துத் தின்றுவிட்டால்? தின்று, அதை விஷமாக்கினால்? செல் கறுப்பைத் தயாரிப்பதை நிறுத்தாது. செத்துப்போகும். கூடத்திலும் சோதனையிலும் ஒரு தோலாவது வெயில் பார்த்ததா? எல்லாம் முள்ளங்கிக் கை. எல்லாம் கையுறை போட்ட கை.

இதையெல்லாம் அவள் இன்னும் நிரூபிக்கவில்லை. ஆனால் அவளுக்குச் சந்தேகம் இல்லை. சூரினுக்குச் சந்தேகம் வருவதே அபூர்வம். அந்தக் குணம் அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு காரியத்துக்கு ஆயிற்று.

"அம்மா" என்று ஜோங்ஹோவின் அம்மா பக்கம் திரும்பினாள். "இது வெண்படை இல்ல. ஒட்டாது. பரம்பரையும் இல்ல. நான் செஞ்ச களிம்பு பண்ணின வேலை இது. நான்தான் குடுத்தேன். அக்கா மேல ஒரு தப்பும் கிடையாது."

ஓக்ஜூ மேஜைக்கு அடியில் அவள் காலை ஓங்கி மிதித்தாள். சூரின் நகரவில்லை.

"நீ செஞ்சதா?" அம்மாள் கண்ணைச் சுருக்கினாள். "சம்பந்திப் பொண்ணு ஏதோ பெரிய மருந்து கண்டுபிடிச்சிருக்கு, வசந்தத்துல கடைக்கு வருது, மூஞ்சியைக்கூட விளம்பரத்துல போடறாங்கன்னு இவன் ஊர் பூராச் சொல்லிட்டுத் திரியறானே. அதுவா?"

"அதுதான்."

"அதா கடைக்கு வரப்போகுது?"

"வராது" என்றாள் சூரின்.

ஜோங்ஹோ வாயில் போட்ட முள்ளங்கியை மெல்லலாமா வேண்டாமா என்று தவித்தான். பிறகு அவன் அம்மா கிண்ணத்தை எடுத்து ஒரே மூச்சில் குடித்து, காலிக் கிண்ணத்தை மறுபடியும் நீட்டினாள்.

"ஏழு வருஷத்து வேலையை ஒரு வார்த்தையில அறுத்துப் போடறா உன் தங்கச்சி. அப்படிப்பட்ட வீட்டுல மறைச்சு வைக்க வேற ஒண்ணும் இருக்காது. ஊத்து மருமகளே. மாவு பூசாத கையால ஊத்து."

வெளியே வந்ததும் ஓக்ஜூ தங்கையைச் சுவரோரமாக நிறுத்தினாள்.

"பைத்தியமா உனக்கு? ரெண்டு மாசமா நான் எதுக்குடி மறைச்சேன்? உன் பேரு வெளிய வரட்டும், அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்னுதானே. புள்ளிதானே, கெடக்கட்டும்னு இருந்தேன். ஒரு வேளை சாப்பாட்டுல எல்லாத்தையும் கொட்டிக் கவுத்துட்டியே!"

"புள்ளி வந்தப்பவே நீ சொல்லியிருக்கணும்."

"சொன்னா நீ இப்படித்தான் பண்ணுவேன்னு தெரியுமே."

சூரின் அக்காவின் வலது கையை விடவேயில்லை. தன்னைப் படிக்கவைத்த கை அது. அதைத் தான் படித்த படிப்பாலேயே கெடுத்துவிட்டோம் என்று நினைத்தவள், நடுரோட்டில், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பார்க்க, அழுதாள். ஓக்ஜூ முதலில் திட்டினாள், பிறகு தானும் அழுதாள், கடைசியில் ஜோங்ஹோ வந்து இருவரையும் காரில் ஏற்றினான்.

மறுநாள் காலை சூரின் ஹாசோலைக் கூப்பிட்டாள்.

"செல்லை இருட்டுப் பெட்டியிலேருந்து எடு. மருந்து போடறதுக்கு முன்னாடி விளக்கு வெளிச்சத்துல வை."

"புற ஊதா விளக்கா? மேடம், நம்ம முறையில அது இல்லையே."

"நம்ம முறையில வெயிலே இல்ல. அதான் பிரச்சினை."

கொஞ்சங் கொஞ்சமாக வெளிச்சம் காட்டி, கறுப்பு நன்றாக ஊறிய பிறகு நாற்பத்தொன்றைப் போட்டார்கள். பக்கத்திலேயே இருட்டில் வளர்ந்த செல்களுக்கும் அதே அளவு. வாரக் கடைசியில் ஹாசோல் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். இருட்டில் வளர்ந்தவை கை கால் விரித்துக்கொண்டு சுகமாக ஒட்டிக் கிடந்தன. வெளிச்சம் பார்த்தவை உருண்டு, சுருங்கி, நீரில் மிதந்தன.

"பாதிக்கு மேல போயிடுச்சு மேடம்" என்று முணுமுணுத்தாள். "ஏதாவது கை தவறியிருக்குமோ? இன்னொரு தடவை பண்ணிப் பாக்கலாமா?"

"பண்ணு. பத்துத் தடவை வேணாலும் பண்ணு. இதேதான் வரும்."

இதேதான் வந்தது.

டைரக்டர் கூ படங்களைப் பார்த்தார். கெட்டிக்காரர்தான். கத்தவில்லை, மேஜையைத் தட்டவில்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சூரின், அரசாங்கம் கேட்ட சோதனை எல்லாம் தேறியாச்சு. சரிதானே? ஒரு கைய வச்சு ஏழு வருஷத்தை மூட முடியுமா? டப்பாவுல எழுதிடலாம். பகல்ல வெயில் படாம பாத்துக்கணும்னு. கொட்டை எழுத்துல போடலாம்."

"சார், வெயில் படாதவளுக்கு இந்தக் களிம்பு எதுக்கு?"

அவர் படங்களை ஒதுக்கி வைத்தார். சூரின் விடவில்லை.

"இதைக் காசு குடுத்து வாங்கப் போறவ யாரு? நம்ம கூடத்துல குடை பிடிக்கிறவங்களா? வெயில்ல நிக்கிறவ வாங்குவா. மிளகாய் பறிக்கிறவ, பைக்ல சாப்பாடு கொண்டு போறவ, மைதானத்துல நிக்கிறவ. கறுத்த தோலுக்குன்னு சொல்லித்தானே விக்கப்போறோம்? அந்தத் தோலைத்தானே வாசல்லயே திருப்பி அனுப்பினோம்?"

"மேலிடத்துல என்னைத்தான் கேப்பாங்க."

"என்னைக் கூப்பிடுங்க, நான் சொல்றேன். நாற்பத்தொண்ணு செத்துப்போச்சு சார். ஆனா ஏன் செத்துச்சுன்னு தெரிஞ்சு செத்திருக்கு. முன்னாடி செத்த நாப்பதும் அப்படிச் சாகல." அவள் ஒரு தாளில் மூலக்கூறைப் படமாக வரைந்து, ஒரு மூலையில் வட்டம் போட்டாள். "என்சைம் கடிக்கிற இடம் இது. இங்க பல்லு இறங்காத மாதிரி மாத்திக் கட்டணும். கட்டுவேன். கட்டினதும் முதல்ல வெயில்காரங்க கையில போடுவேன். என் கையில இல்ல."

"இன்னொரு ஏழு வருஷமா?"

"இந்தத் தடவை வழி தெரியும். அவ்வளவு ஆகாது."

கூ நெடுநேரம் அந்த வட்டத்தைப் பார்த்தார். தன் மழமழத்த கன்னத்தைத் தடவிக்கொண்டார். அவர் வீட்டுக் குளியலறையிலும் ஒரு வெள்ளை டப்பா இருந்தது என்பதும், அவர் மனைவி ஞாயிறுதோறும் மலையேறுகிறவள் என்பதும் சூரினுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று அவர் போனை எடுத்துத் தொழிற்சாலைக்குப் பேசினார். கலந்த சரக்கு முழுவதையும் நிறுத்தச் சொன்னார். பேசி முடித்ததும், "உன் படத்தையும் எடுத்துட வேண்டியதுதான்" என்றார்.

"எடுத்துடுங்க. அதுல என் மூக்கு நல்லாவே இல்ல" என்றாள் சூரின்.

குளிர்காலம் முழுக்க ஓக்ஜூ ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே செத்த இடங்களில் மட்டும் படும்படி வெளிச்சம் காட்டினார்கள். ஏழு வருஷமாகக் கறுப்பை ஓட ஓட விரட்டியவள், சனிக்கிழமைதோறும் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய், கறுப்பே வா வா என்று வாசலில் காத்துக் கிடந்தாள். முடி வேர்களில் ஒளிந்திருக்கிற செல்கள் பிழைத்திருந்தால் அங்கிருந்து நிறம் மேலே வரும், ஆனால் புறங்கையில் முடி கம்மி, நேரமாகும், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

"வரும்" என்றாள் சூரின்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"செல்லைப் பத்தி எனக்குத் தெரியும் டாக்டர்."

சொல்லிவிட்டாளே தவிர, அந்த ஒரு விஷயத்தில்தான் அவளுக்கு நிஜமாகவே தெரியாது. வாராவாரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓக்ஜூ கையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போதும்டி. இனிமே கல்யாணம் முடியற வரைக்கும் என் கையை நீ பாக்கக் கூடாது. கை நல்லாத்தான் இருக்கு. அதைப் பாத்துட்டு நீ வைக்கிற மூஞ்சியைத்தான் சகிக்க முடியல."

சித்திரையில் செர்ரிப் பூக்கள் உதிர்ந்து முடிந்த வாரம் கல்யாணம். ஒப்பனைக்காரப் பெண் ஓக்ஜூவின் வலது கைக்கு மாவு பூச வந்தபோது ஓக்ஜூ வேண்டாம் என்றாள். அந்தப் பெண் கையுறை கொண்டுவந்தாள். அதுவும் வேண்டாம் என்றாள். "இருபது வருஷமா ஒரு கைக்குப் போட்டது போதும்" என்றாள். அம்மா உட்கார வேண்டிய முன்வரிசை நாற்காலியில் சூரின் பாரம்பரிய இளநீல ஹான்போக் உடுத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலி வரிசையில் ஜோங்ஹோவின் அம்மா. அவளுக்குப் பின்னால் கடை வாடிக்கைக்காரர்கள் பாதி ஊர்.

மோதிரம் மாற்றும் நேரம் வந்தது. போட்டோக்காரன் குனிந்து பக்கத்தில் போனான். மேடைக்கு மேலே இருந்த திரையில் இரண்டு கைகள் ஆள் உயரத்துக்கு வந்தன. ஓக்ஜூவின் இடது உள்ளங்கை ஜோங்ஹோவின் கையைத் தாங்க, வலது கை மோதிரத்தை அவன் விரலில் ஏற்றிக்கொண்டிருந்தது. ஜோங்ஹோவுக்கு விரல் தடிமன், மோதிரம் கணுவில் நின்றுவிட்டது. ஓக்ஜூ திருகினாள். திரையில் அவளுடைய புறங்கை அப்படியே பெரிதாக நின்றது. பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள். கட்டைவிரலுக்குக் கீழே, நாணயம் அளவு இருந்த அந்த வெள்ளையைச் சூரின் பார்க்கக்கூடாது என்று அக்கா சொல்லியிருந்தாள். பார்த்தாள்.

வெள்ளைக்கு நடுவே மிளகுத்தூள் சிந்தின மாதிரி பொட்டுகள் இருந்தன. பழுப்பு. இல்லை, கறுப்பு. ஒவ்வொரு சின்ன முடியின் அடியிலும் ஒன்று. அங்கே ஒன்று, அதற்குப் பக்கத்தில் இரண்டு சேர்ந்து ஒன்றாகிக்கொண்டு.

ஹான்போக்கின் பாவாடையை மிதித்துக்கொண்டு சூரின் எழுந்து நின்றாள்.

"கறுப்பு!" என்று மண்டபமே அதிரக் கத்தினாள். "அக்கா! கறுப்பு வருதுக்கா! கறுத்துட்டு வருது!"

இசைக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தினார்கள். இருநூறு பேர் கிண்ணமும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள். வெளுப்பு மருந்துக் கம்பெனிக்காரி எதற்காக இப்படிக் கறுப்பு கறுப்பு என்று குதிக்கிறாள் என்று பாதிப் பேருக்குப் புரியவில்லை. ஜோங்ஹோவின் அம்மா எழுந்து திரையைப் பார்த்தாள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள், பிறகு அவளும் கைதட்ட ஆரம்பித்தாள்.

மேடையில் ஓக்ஜூ மோதிரத்தைக் கணுவைத் தாண்டித் தள்ளி முடித்தாள். முகமெல்லாம் கண்ணீர். அவள் உடையில் குத்தியிருந்த சின்ன மைக்கில் குரல் கணீரென்று கேட்டது.

"எனக்குப் போன வாரமே தெரியும்டி. உட்காரு, அவரு எனக்கு மோதிரம் போடட்டும்."